மூணு யூனிட் முடிச்சாச்சு, ஆனால் எவ்வளவு நிற்கும்?

செமஸ்டர் நெருங்கும் நாட்களில் மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் போகும் காலை ரயிலில் ஏறிப் பாருங்கள். கும்பகோணத்தில் இறங்கப்போகிற காலேஜ் பிள்ளைகள் மடியில் ஜெராக்ஸ் நோட்ஸ், அதில் மஞ்சளும் பச்சையுமாக ஹைலைட்டர். கேட்டால் "மூணு யூனிட் முடிச்சாச்சு" என்பார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்.

நமக்கு எவ்வளவு தெரியும் என்று மூளைக்குள் எட்டிப் பார்க்க வழியே இல்லை, அதனால் கையில் கிடைக்கிற தடயத்தை வைத்து ஊகிக்கிறோம். அதில் ரொம்ப சுலபமாகக் கிடைப்பது, வாசிப்பு எவ்வளவு வழுவழுவென்று போகிறது என்பது. இரண்டாம் தடவை படிக்கும்போது கண் எங்கேயும் தடுக்காது, உடனே "இது தெரியுமே" என்று தோன்றிவிடும். பார்த்த வரியைப் பார்த்ததாகக் கண்டுகொள்வது ஒரு வேலை, வெறும் தாளில் ஒன்றுமில்லாமல் வரவழைப்பது வேறு வேலை. பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு வேண்டியது இரண்டாவது.

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரே பாடத்தை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: படித்தே தீர்த்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மதிப்பெண் இல்லை, ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தது நான்கு சுற்று படித்த குழுதான்.

சரி, அப்போது நம் கணிப்பே உதவாதா? உதவும், ஆனால் எப்போது கணிக்கிறோம் என்பதைப் பொறுத்து. 1991-ல் தாமஸ் நெல்சனும் ஜான் டன்லாஸ்கியும் மாணவர்களுக்குச் சொல் ஜோடிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் பின்னால் ஞாபகம் வருமா என்று கணிக்கச் சொன்னார்கள். படித்த உடனே சொன்ன கணிப்புக்கும் பிறகு நடந்ததற்கும் பொருத்தம் 0.38 (முழுப் பொருத்தம் என்றால் 1). நடுவில் வேறு ஜோடிகளைப் படிக்கவிட்டு, பிறகு முதல் சொல்லை மட்டும் காட்டிக் கேட்டபோது அது 0.90. படித்த உடனே எல்லாம் தற்காலிக நினைவில் அப்படியே நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். கொஞ்சம் ஆறவிட்டால் நிஜமாகவே தங்கியது மட்டும் மேலே வருகிறது.

அதனால் ராத்திரி படித்த யூனிட்டை மறுநாள் காலையில் நோட்ஸைத் திறக்காமல் அளந்து பாருங்கள். முதலில் பத்துக்கு எத்தனை வரும் என்று ஓரத்தில் குறித்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் திருத்துங்கள். இரண்டு எண்ணுக்கும் இருக்கிற இடைவெளிதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

திருத்துவதில்தான் சறுக்கல் வரும். 1999-ல் ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் நடத்திய ஆய்வில், தேர்வில் கடைசி கால்பகுதியில் நின்றவர்கள் தங்களைச் சராசரிக்கும் மேலே வைத்துக்கொண்டார்கள். விடை தப்பு என்று கண்டுபிடிக்கவும் அதே பாட அறிவுதானே வேண்டும்! ஆகவே "ஓரளவு சரிதான்" என்று டிக் போடாமல் விடையைத் துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் வயலில் போட்ட யூரியா ஏன் முழுசாகப் பயிருக்குப் போவதில்லை என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் குறுவை, சம்பா என்று பார்த்து வளர்ந்த டெல்டா பிள்ளைக்கு இது தெரிந்த விஷயம்தான், கேட்டவுடன் "ஆவியாப் போயிடும்" என்று ஒரு வரி வரும். ஆனால் யூரியா முதலில் அம்மோனியமாக மாறுவது, அதில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போவது, மண்ணின் மேல் படலத்தில் இருக்கிற ஆக்சிஜனால் இன்னொரு பகுதி நைட்ரேட்டாவது, அது ஆக்சிஜன் இல்லாத அடிமண்ணுக்கு இறங்கியதும் பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கிவிடுவது என்று நான்கு துண்டு இருக்கிறது. அந்த ஒரு வரிக்கு நான்கில் ஒன்றுதான் கிடைக்கும்.

இன்டர்னல் டெஸ்ட் இதைச் செய்யாதா என்று கேட்கலாம். தேதி சொல்லி, முந்தின ராத்திரி படித்து எழுதுவது அந்த ஐந்து நிமிடச் சோதனைக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆசிரியர்கள் வகுப்பு தொடங்கும்போது போன வாரப் பாடத்தில் இரண்டு கேள்வி கேட்டு, கணிப்பையும் எழுத வைத்தாலே போதும், ஆனால் மார்க் மட்டும் போட வேண்டாம். மார்க் என்றதும் பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள், கணிப்பையும் சாருக்குப் பிடித்த மாதிரி எழுதிவிடுவார்கள்.