அலுமாரிக்குள் இருக்கும் இளமைப் போத்தல்கள்

கிளினிக் கொப்பியைக் கேட்டால் உடனே நீட்டுவார்கள். வீட்டில் வேறு ஏதாவது குளிசை போடுகிறீர்களா என்று கேட்டால் மட்டும் பார்வை யன்னலுக்குப் போய்விடும். ஏ-9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் வைத்தியசாலையில் தொற்றா நோய்க் கிளினிக்கைப் பொறுப்பேற்றபோது நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன்: "வெளிநாட்டிலிருந்து கடைசியாக யார் வந்து போனது?"

அதற்கு முகமெல்லாம் சிரிப்பாகப் பதில் வரும். மகன் வந்தான், பெறாமகள் வந்தாள், திருவிழாவுக்கு இரண்டு கிழமை நின்றார்கள். சொக்லேட், சவர்க்காரம், கோடாலித் தைலம், அவற்றோடு மூன்று நான்கு போத்தல்கள். "வயது போவதைத் தள்ளிப்போடுமாம் டொக்டர்."

விசுவமடுப் பக்கத்து ஐயா ஒருவர் எழுபதை நெருங்குகிறார். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாததால், இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்பரின் போடுபவர். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு அவருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். ஒரு மாதம் ஐந்தைத் தாண்டியிருந்தது. பல் தீட்டினால் இரத்தம்; முழங்கையில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்திருந்தது. சாப்பாட்டில் மாற்றமா என்று கேட்டேன். "எல்லாம் பழையபடிதான்" என்றார். மறுநாள் அவருடைய மனைவி தனியாக வந்து, ஒரு சொப்பிங் பையை மேசையில் வைத்தார். அதிகூடிய அளவில் விற்றமின் ஈ, ஜிங்கோ என்ற மூலிகைக் குளிசை, மீன் எண்ணெய். வார்பரின் போடுபவருக்கு இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டக்கூடியவை ஒன்றாகச் சேர்ந்து கூட்டணி அமைத்திருந்தன.

ஏன் சொல்லவில்லை என்று அவரைப் பிறகு கேட்டேன். "நீங்கள் நிற்பாட்டச் சொல்லிவிடுவீர்கள். பிள்ளை இரண்டு வேலை செய்து அனுப்பியது."

இந்தப் பதிலுக்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. அந்தப் போத்தலை மருந்தென்று நினைத்து நான் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கோ அது மகன். மகனை எடுத்துக் குப்பையில் போடுங்கள் என்று எந்த வைத்தியர் சொல்வது?

ஆனாலும் போத்தலுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், உடலில் உருவாகும் சில கட்டற்ற மூலக்கூறுகள் கலங்களைச் சேதப்படுத்துவதால்தான் முதுமை வருகிறது என்றொரு கருத்தை முன்வைத்தார். அப்படியானால் அவற்றை அடக்கும் விற்றமின்களை விழுங்கினால் முதுமை பிந்துமே? கேட்க எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது! மனிதரில் சோதித்தபோதுதான் சறுக்கியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் குளிசை போட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதையொத்த இன்னோர் ஆய்வை 1996இல், குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டி வந்தது. விற்றமின் ஈயும் தப்பவில்லை. நாளுக்கு 400 அலகு போட்டுவந்த ஆண்களில் புரொஸ்டேட் புற்றுநோய் 17 வீதம் கூடியதை 2011இல் கண்டார்கள். சுருட்டை விடாமல் 'நுரையீரலுக்குக் காவல்' என்று பீட்டா கரோட்டின் போடும் ஓர் ஐயா எங்கள் கிளினிக்கிலும் இருந்தார். அவருக்கு இதைச் சொன்னபோது விட்டது குளிசையை, சுருட்டை அல்ல.

இப்போது புதிதாக வருவது என்.எம்.என். என்ற இன்னோர் இளமைக் குளிசை. இரத்தத்தில் ஒரு வேதிப்பொருளின் அளவை அது உயர்த்துகிறது என்பது உண்மை. மனிதரின் ஆயுளை நீட்டியதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. விலையைக் கேட்டால் எனக்கே ஒரு வயது கூடிவிடுகிறது.

வெளிநாட்டுப் பொருள் என்றால் அரசாங்கம் சோதித்துத்தான் விற்கவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே பலமாக இருக்கிறது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தகைய சத்துக் குளிசைகளை விற்பதற்கு முன் அவை பலன் தருகின்றன என்று அரசுக்கு நிரூபித்து அனுமதி பெறத் தேவையில்லை. மருந்துக்குள்ள கடிவாளம் இதற்கு இல்லை.

இன்னொரு அம்மாவின் கதை வேறு. தைரொயிட் சுரப்பி போதுமான அளவு வேலை செய்யாததால் நெடுநாளாகத் தைரொக்சின் போடுபவர். பரிசோதனை அறிக்கையோ அவருக்குச் சுரப்பு மிதமிஞ்சிப் போய்விட்டதாகச் சொன்னது. மருந்தைக் குறைக்கப் பேனையை எடுத்துவிட்டேன். ஆனால் ஆள் அப்படித் தெரியவில்லை. கை நடுங்கவில்லை, நாடித்துடிப்பும் நிதானமாக இருந்தது. தலைமுடி ஏன் இவ்வளவு பளபளப்பு என்று பகிடியாகக் கேட்டதில் விடயம் வெளியே வந்தது: லண்டன் மகள் தந்த 'முடி, தோல், நகம்' குளிசை. ஒவ்வொன்றிலும் 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் என்ற பி வகை விற்றமின். ஒரு நாளுக்கு உடல் கேட்பது ஏறக்குறைய 30 மைக்ரோகிராம். மிதமிஞ்சிய பயோட்டின் சில ஆய்வுகூட இயந்திரங்களை ஏமாற்றிவிடும். தைரொயிட் அளவைப் பிழையாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் பரிசோதனையைக்கூட ஒன்றுமில்லை என்று சொல்ல வைக்கும். சில நாட்கள் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தோம். அளவு சரியாகவே இருந்தது. நோய் அவருக்கு அல்ல, அறிக்கைக்கு.

எல்லாச் சத்துக் குளிசையும் வீண் என்று நான் சொல்லவில்லை. நீரிழிவுக்கு நெடுங்காலம் மெற்போமின் போடுபவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம்; கால் விறைப்பு, மறதி என்று வந்தால் பார்த்துக் கொடுப்போம். இரத்தத்தில் குறைவு தெரிந்தால் விற்றமின் டி கொடுப்போம். குறைவை நிரப்புவது ஒன்று, நிறைந்த குடத்தில் ஊற்றுவது வேறு. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பரவலாக இருக்கும் நிலத்தில், நாளுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி போடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பயம்தான். மிஞ்சியதில் ஒரு பகுதி ஒக்சலேற் என்ற உப்பாகி, சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கலாம். பெண்களுக்கு ஒரு நாள் தேவை 75, ஆண்களுக்கு 90 மில்லிகிராம். வளவில் பழுத்து அணில் கோதிப்போட்ட கொய்யாப்பழத்தின் மிச்சத்திலேயே அது கிடைத்துவிடும்.

மெற்போமின் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அது முதுமையைப் பின்தள்ளுமா என்று பார்க்க அமெரிக்காவில் பெரிய ஆய்வொன்றைத் திட்டமிட்டிருக்கிறார்கள். முடிவு தெரியுமுன்பே, நீரிழிவு இல்லாத வசதியானவர்கள் சிலர் அதைத் தேடி வாங்கி விழுங்குகிறார்கள். இங்கே நாங்கள் இலவசமாகக் கொடுக்கும் அதே வெள்ளைக் குளிசையை, 'வயிற்றைப் பிரட்டுகிறது' என்று பூங்கன்றின் அடியில் புதைத்துவிட்டு, அலுமாரியில் சேலைக்கு நடுவே வைத்த கனடாப் போத்தலைத் திறக்கிறார்கள். அந்தப் பூங்கன்றுக்குச் சீனி வருத்தம் வரப்போவதில்லை.

விசுவமடு ஐயாவின் மகன் ஒருநாள் கிளினிக் நேரத்திலேயே வீடியோ அழைப்பில் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுதார். அப்பாவுக்குத் தெரியாமல் தீங்கு செய்துவிட்டேனே என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்படியென்றால் எதைத்தான் அனுப்புவது டொக்டர்?" என்று கேட்டார்.

பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று, கண்ணில் வெண்புரை சத்திரசிகிச்சைக்குப் போய்வர ஓட்டோக் காசு, வாய்க்கால் கரையில் காலையும் மாலையும் நடக்க நல்ல சப்பாத்து ஒரு சோடி என்றேன். மூன்றும் வந்து சேர்ந்தன. பிரஷர் கருவியில் இப்போது அந்த ஒழுங்கையே கை நீட்டுகிறது. கண்ணும் வெட்டியாயிற்று.

சப்பாத்து மட்டும் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. நடக்கிறாராம், ஆனால் பாட்டா செருப்போடு. "போட்டால் பழுதாகிவிடும் டொக்டர்" என்கிறார்.