169.254 என்று தொடங்கும் ஒரு கேள்வி

நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. என்ன நடந்திருக்கும்?" கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராததால் கணினி தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் கேபிள் கழன்றிருக்கிறதா, போர்ட் வேறு விலானில் (நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்து வைத்த பகுதியில்) இருக்கிறதா, சர்வரிடம் முகவரிகள் தீர்ந்துவிட்டனவா என்று பேச்சு நீளும். மூன்று சான்றிதழ்களோடு வந்த ஒரு பையன் இந்தக் கேள்வியிலேயே திணறிவிட்டான். நல்ல உழைப்பாளி என்பது பேச்சிலேயே தெரிந்தது. யாரோ அவனுக்குத் தேர்வை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நெட்வொர்க் சான்றிதழ்களில் எதில் தொடங்குவது என்று கேட்டால், ரவுட்டர், சுவிட்ச் பக்கம் போக நினைப்பவர்களுக்கு சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ என்றுதான் சொல்வேன். முன்பு அது ரவுட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று பல கிளைகளாக இருந்தது. 2020 பிப்ரவரியில் சிஸ்கோ இவற்றை 200-301 என்ற ஒரே தேர்வாக்கியது. நேரம் 120 நிமிடம். ஆட்டோமேஷனும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. உங்கள் பயிற்சி மையம் ஃப்ரேம் ரிலே, ஆர்ஐபி போன்ற பழைய தொழில்நுட்பங்களை வாரக்கணக்கில் நடத்திக்கொண்டிருந்தால், கையில் இருப்பது பழைய நோட்ஸ் என்று புரிந்துகொள்ளலாம்.

ஹெல்ப் டெஸ்க் மாதிரி வேலைக்கு காம்ப்டியா நெட்வொர்க் பிளஸ் போதும். எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராத அடிப்படைப் படிப்பு அது.

சிசிஎன்ஏவுக்கு அடுத்த நிலையான சிசிஎன்பி எழுத சிசிஎன்ஏ கட்டாயம் இல்லை. இதைக் காட்டியே பயிற்சி மையங்களில் சிசிஎன்ஏ, சிசிஎன்பி இரண்டையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து விற்கிறார்கள். எழுதலாம், தடையில்லை. ஆனால் ஒரு நாள்கூட உண்மையான நெட்வொர்க்கைத் தொடாதவர் சிசிஎன்பியோடு வந்தால் கேள்விகளும் அந்த உயரத்தில்தான் வரும். ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சரி, நல்ல பயிற்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் படித்த இடத்தில் ஆசிரியர் கட்டளைகளைச் சொல்வார், நாங்கள் தட்டச்சு செய்வோம், பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போய்விட்டால் வகுப்பு முடிந்தது. ஒரு தடவைகூட எதுவும் கெட்டுப்போகவில்லை! வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு, இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே, பாதை விவரங்களைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஓஎஸ்பிஎஃப், இணைப்பு முழுமையாகும் முன் வரும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றது. ஹலோ பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்வந்தன, பிங்கும் போனது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன்: ஒரு பக்கம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500, மறுபக்கம் 9000. என்னிடம் இருந்த கட்டுக்கட்டான நோட்ஸில் இது எங்குமே இல்லை.

அதனால் டெமோ வகுப்பில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "லேபை நீங்களே கெடுத்துவிட்டு எங்களைச் சரிசெய்யச் சொல்வீர்களா?" பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்க் இணைப்பின் இரு முனைகளிலும் வெவ்வேறு நேட்டிவ் விலான், தவறான சப்நெட் மாஸ்க், அணைத்து வைத்த போர்ட் என்று ஆசிரியர் குறும்பு செய்கிற வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். விலையுயர்ந்த கருவிகள் இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். சிசிஎன்ஏ அளவுக்கு இலவசமாகக் கிடைக்கும், கணினியிலேயே நெட்வொர்க்கை அமைத்துப் பார்க்க உதவும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருளே தாராளம். அதற்கு மேல் போனால் ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி இருக்கின்றன. ரவுட்டரைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளை மட்டும் ஒரு தடவையாவது கையால் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

"நூறு சதவீதம் பாஸ்" என்று உறுதி தருகிற இடத்தில் பெரும்பாலும் டம்ப்ஸ்தான் (கசிந்த தேர்வுக் கேள்வி-பதில்கள்) ஓடும். அது பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்யலாம், மீண்டும் தேர்வெழுதவும் தடை போடலாம். பிடிபடாவிட்டாலும் 169.254 காத்திருக்கிறது.

கல்லூரியில் இருப்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ், ஜூனிப்பர் நிறுவனத்தின் ஜேஎன்சிஐஏ எல்லாமே மூன்று வருடத்தில் காலாவதியாகும். இரண்டாம் ஆண்டிலேயே எழுதிவிட்டால், வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் புதுப்பிக்கும் செலவு வந்து நிற்கும். பாடத்தை இப்போதே படியுங்கள், தேர்வைக் கடைசி ஆண்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வாரம் பாக்கெட் ட்ரேசரோடு தனியாக உட்காருங்கள். இரண்டு விலான்களை உருவாக்கி, ஒரு ரவுட்டர் வழியாக ஒன்றோடொன்று பேச வையுங்கள். முதல் நாள் பேசாது. மூன்றாம் நாளும் விடாமல் ஏன் என்று தோண்டிக்கொண்டிருந்தால் தாராளமாகக் கட்டணம் கட்டலாம். எரிச்சலாக வந்தால், அது கட்டணம் கட்டும் முன்பே தெரிந்ததும் நல்லதுதான்.