24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

சட்ட விழிப்புணர்வு முகாம்களில் பேசும்போது, உங்களுக்குத் தெரிந்த அடிப்படை உரிமைகளைச் சொல்லுங்கள் என்றுதான் ஆரம்பிப்பேன். பேச்சுரிமை என்று உடனே வரும், அடுத்து ஓட்டுரிமை, சொத்துரிமை. கடைசி இரண்டும் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியில் இல்லை. வாக்களிப்பது 326-ஆம் பிரிவில் வருகிறது, சொத்துரிமையை 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் அங்கிருந்து எடுத்து 300ஏ பிரிவில் வைத்துவிட்டது. இது தெரியாததால் யாருக்கும் உடனடியாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஆனால் 22-ஆம் பிரிவு தெரியாததால் குடும்பங்கள் படுகிற பாட்டை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், விருப்பப்பட்ட வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்ட்ரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 24 மணி நேரம் என்பது சினிமா பார்த்தாவது பலருக்குத் தெரிந்திருக்கிறது. சரி, அந்த 24 மணி நேரம் எப்போதிலிருந்து என்று கேட்டால் பதில் வராது. சிக்கலே அங்கேதான்.

ராத்திரி போன் வரும். "சார், பையனை விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போனாங்க, விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்னு சொன்னாங்க." எப்போம்மா என்றால், "முந்தாநாள் சாயங்காலம்." வக்கீல் வைத்தால் ஸ்டேஷனில் கோபம் வந்துவிடும் என்று யாரோ சொல்ல, அதைக் கேட்டு அதுவரை பேசாமல் இருந்திருப்பார்கள். அப்புறம், காவலில் வைக்கக் கேட்டு போலீஸ் மாஜிஸ்ட்ரேட்டிடம் கொடுக்கும் ரிமாண்டு அறிக்கையைப் பார்த்தால், இன்று காலை ஆறு மணிக்கு, சந்தேகப்படும்படி நின்றிருந்தபோது கைது என்று இருக்கும். இரண்டு ராத்திரி காகிதத்தில் இல்லவே இல்லை.

ஒருவர் தன் இஷ்டத்துக்கு எழுந்து போக முடியாமல் எப்போது தடுக்கப்பட்டாரோ, அப்போதே கைது தொடங்கிவிட்டது. அதற்குப் போலீஸ் 'விசாரணை' என்று பெயர் வைத்தாலும் சரி, வேறு என்ன பெயர் வைத்தாலும் சரி. மும்பை உயர் நீதிமன்றம் 1990-லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தை நீதிமன்றத்தில் காட்ட ஏதாவது ஒரு பதிவு வேண்டுமே! முன்பெல்லாம் மூத்த வழக்கறிஞர்கள், முதலில் போய் ஒரு தந்தி கொடுங்கள் என்பார்கள். உயர் அதிகாரிக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் போகிற அந்தத் தந்தியில் தேதியும் நேரமும் விழுந்துவிடும், பிறகு யாரும் மாற்ற முடியாது. 2013-இல் தந்தி சேவையே நின்றுபோனது. இன்றைக்கு அந்த வேலையைச் செய்ய ஒரு மின்னஞ்சல் போதும், அவசர உதவி எண் 112-க்கு ஒரு அழைப்பும் போதும். யாரை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து, யார் கூட்டிப்போனார்கள் என்று நாலு வரி எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ காவல் ஆணையருக்கோ அனுப்பிவிடுங்கள். பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட வேண்டிய நிலை வந்தால் அந்த நாலு வரிதான் கை கொடுக்கும்.

கைதுக் குறிப்பு என்று ஒரு தாள் உண்டு. 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது, இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவிலும் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். அதில் போட்டிருக்கும் நேரத்தைப் படித்துப் பார்க்காமல் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். நேரம் தவறாக இருந்தால் சரியான நேரத்தைக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் மறுத்துவிடுங்கள். போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 181-ஆம் பிரிவே சொல்கிறது.

இதெல்லாம் படிக்காதவர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பொறியாளர்களும் பேராசிரியர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், "தப்பு செய்யாதவனுக்கு எதுக்கு சார் வக்கீல்?" என்று. என்னைப் பொறுத்தவரை, சட்டப்பிரிவு தெரியாமல் இருப்பதைவிட இந்த எண்ணம்தான் ஆபத்தானது. உரிமையைக் கேட்டால் குற்றவாளி மாதிரி தெரியும் என்று பயந்து, தெரிந்த உரிமையையும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பயம் அதிகம் கெடுப்பது மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிற்கும் இரண்டு நிமிடத்தைத்தான். போலீஸ் அடித்தார்களா, ஏதாவது குறை உண்டா என்று அவர் கேட்பார். கூட்டி வந்த காவலர் பக்கத்திலேயே நிற்பார். "ஒண்ணுமில்லைங்க ஐயா" என்று பதில் வரும், அது அப்படியே பதிவாகும். பிறகு உடம்பில் காயத்தைக் காட்டி நான் எவ்வளவு வாதாடினாலும், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் முதலில் வரும். மாஜிஸ்ட்ரேட் காவல்துறையின் மேலதிகாரி அல்ல. கைது சட்டப்படி நடந்ததா, காரணம் சொல்லப்பட்டதா என்று பார்ப்பது அவருடைய கடமை, காரணமே தெரிவிக்காத கைது செல்லாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லியிருக்கிறது. அதனால் பிடித்த நேரத்தைச் சொல்லுங்கள், அடித்திருந்தால் அடித்ததைச் சொல்லுங்கள், காவலர் இருக்கும்போது பேசப் பயமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், அதையும் அங்கேயே சொல்லலாம். முதல் தடவை ஆஜர்படுத்தும்போதே, அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார் என்பதைக் கைதானவருக்கு மாஜிஸ்ட்ரேட் தெரிவித்தாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இலவச சட்ட உதவி பரம ஏழைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் கிடைக்கும். சட்ட உதவி எண் 15100-க்கு போன் செய்து கேட்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 24 மணி நேரக் கெடுவும் வழக்கறிஞர் உரிமையும் தடுப்புக் காவல் சட்டங்களில், அதாவது இனிமேல் குற்றம் செய்யாமல் தடுப்பதற்கென்று பிடித்து வைக்கும் சட்டங்களில், பிடிக்கப்பட்டவருக்கு இல்லை, 22-ஆம் பிரிவே விலக்கு கொடுத்திருக்கிறது. அங்கே இருப்பது, காரணத்தைத் தெரிந்துகொண்டு அதை எதிர்த்து முறையீடு அனுப்பும் உரிமை. முறையீட்டை அரசு பரிசீலிக்கத் தாமதித்ததற்காகவே ரத்தான தடுப்புக் காவல் உத்தரவுகள் ஏராளம். எனவே உத்தரவின் நகலைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காமல், கைக்கு வந்த அன்றே வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.