இன்னும் ஒரே ஒரு ஆட்டம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன் கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு தடைக்காலத்தில்தான் என் அக்கா மகன் போனில் பணம் வைத்து ரம்மி ஆட ஆரம்பித்தான். படகுகள் மறுபடி கடலுக்குப் போன பிறகும் அவன் நிறுத்தவில்லை. "இன்னும் ஒரே ஒரு ஆட்டம் மாமா, விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்திடுறேன்" என்பான்.

குடியில்லை, புகையில்லை. அப்புறம் எப்படி இந்தப் பிடி?

மூளையில் சுரக்கும் டோபமைனை இன்பம் தரும் வேதிப்பொருள் என்கிறார்கள். அது பாதிதான் சரி. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இது: பழச்சாறு எதிர்பாராமல் கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியதும், சாற்றுக்குத் துடிப்பில்லை, விளக்குக்கே துடித்தன. வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி இருக்கையில் அந்தத் துடிப்பு நீண்டு நின்றதை அவர் குழு 2003இல் காட்டியது. ஒரு சீட்டில் தவறிய ஆட்டம் மறு ஆட்டத்துக்கு இழுப்பதும் இதனால் இருக்கலாம்.

தூண்டில் போடுகிறவருக்கும் இந்த இழுப்பு உண்டு. ஆனால் ஐஸ் கரைந்தால், டீசல் தீர்ந்தால் கரை திரும்பியாக வேண்டும். போன் ஆட்டத்துக்குக் கரையே கிடையாது.

எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பதை வைத்து மட்டும் இந்த அடிமைத்தனத்தை அடையாளம் காண முடியாது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சூதாட்டத்துக்கும் வீடியோ கேமுக்கும் ஒரே அளவுகோல் வைக்கிறது: நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்டம் வந்து நிற்பது, கெடுதல் கண்முன் தெரிந்தும் தொடர்வது. பொதுவாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே கண்டறியலாம். ரீல்ஸ் பார்ப்பது அதில் தனி நோயாக இல்லை.

எங்கள் வீட்டில் அக்காவின் கம்மல் அடகுக்குப் போன பிறகுதான் விழித்தோம். அதற்கு முன்பே அவன் போனைக் கவிழ்த்து வைத்தான், இரவில் தூங்கவில்லை, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தான். திட்டினோம், ஒளிந்து ஆடினான். அரசின் மனநல உதவி எண்ணான 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அங்கிருந்துதான் சிகிச்சைக்கு வழி கிடைத்தது. இப்போது அவன் படகுப் பங்கு நேராக அக்கா கணக்குக்குப் போகிறது. ஆசை கிளம்பும் சாயங்காலங்களில், போனை வீட்டில் வைத்துவிட்டு, கரையில் வலை சரிபார்க்கிறவர்களோடு போய் உட்கார்ந்துகொள்கிறான்.