இடைவெளியை எண்ணாதீர்கள், உச்சியை எண்ணுங்கள்

வரைபடத்தாளில் ஒரு முக்கோணத்தை வரைந்து, "வலப்பக்கம் 6 கட்டம், கீழே 2 கட்டம் நகர்த்து" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். உருவத்தைத் திருப்பாமல், அளவு மாற்றாமல் இப்படி நகர்த்துவதுதான் இடப்பெயர்வு. பலர் பழைய முக்கோணத்தின் வலது ஓரத்திலிருந்து 6 கட்டம் விட்டு, அங்கே புதியதன் இடது ஓரத்தை வைப்பார்கள். படம் அழகாக இருக்கும், விடை தப்பு.

முக்கோணத்தின் உச்சிகள், அதாவது மூலைகள், அ (−2, 1), ஆ (1, 1), இ (−2, 5) என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு உச்சியிலும் முதல் எண்ணோடு 6 கூட்டி, இரண்டாம் எண்ணில் 2 கழிக்க வேண்டும். அ (4, −1)-க்கும், ஆ (7, −1)-க்கும், இ (4, 3)-க்கும் போகும். முக்கோணத்தின் அகலம் 3 கட்டம் என்பதால் இரண்டு படங்களுக்கும் நடுவே 3 கட்டம்தான் மிஞ்சும். 6 கட்டம் இடைவெளி விட்டவர் உண்மையில் 9 கட்டம் நகர்த்தியிருக்கிறார். இந்தப் பிழை எப்போதும் உருவத்தின் அகலத்துக்குச் சமமாகவே வரும். திருத்தும்போது அதை வைத்தே பிள்ளை எங்கே சறுக்கியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

2 கட்டம் மட்டும் வலப்பக்கம் நகர்த்தச் சொன்னால் புதிய படம் பழையதன் மேலேயே ஏறும். அது சரிதான். பிள்ளைகள் பயந்துபோய் அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விரல் வைத்து எண்ணுவதிலும் இரண்டு கோளாறு உண்டு. நிற்கும் புள்ளியையே 'ஒன்று' என எண்ணினால் ஒரு கட்டம் குறையும். −1-க்கு அடுத்து 0-ஐ விட்டு 1-க்குத் தாவினால் ஒரு கட்டம் கூடும்.

சரிபார்க்க, பழைய உச்சியையும் அதன் புதிய இடத்தையும் ஸ்கேலால் இணையுங்கள். மூன்று கோடுகளும் இணையாக, ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். 1 செ.மீ. கட்டத் தாளில் மேலே சொன்ன கணக்குக்கு ஒவ்வொன்றும் சுமார் 6.3 செ.மீ. வரும். ஒன்று மட்டும் மாறினால் அந்த உச்சியை மட்டும் திருத்தினால் போதும்.

கற்றுக்கொடுக்க எந்த உருவத்தை எடுக்கிறோம் என்பது முக்கியம். 'ப' வேண்டாம். அதை நேராக நகர்த்தினாலும் இடவலமாகப் பிரதிபலித்தாலும் ஒன்றுபோலவே தெரியும், பிழை ஒளிந்துகொள்ளும். 'ட' எடுங்கள். கண்ணாடியில் காட்டினால் திரும்பிவிடும், நகர்த்தினால் 'ட'-வாகவே இருக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே உதாரணங்கள் நிறைய. முப்பந்தல் காற்றாலையின் இறகு சுழல்கிறது. ஓணத்து அத்தப்பூவில் இதழ் வரிசை நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது. இரண்டும் சுழற்சி. சேலை பார்டரில் ஒரே மாங்காய் திரும்பத் திரும்ப வருவது இடப்பெயர்வு. 1966-இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப் பாலத்தின் 28 தூண்களைப் பார்த்தால், ஒரே தூணை நகர்த்தி நகர்த்தி வைத்தாற்போலத் தோன்றும். அப்படியில்லை. பள்ளத்தில் 115 அடி வரை உயரும் தூண் கரைப்பக்கம் குட்டையாகிறது. அளவு மாறிவிட்டால் அது இடப்பெயர்வு ஆகாது.

திருவிழா ராட்டினம் பெரியவர்களையும் குழப்பும். சக்கரம் சுழல்கிறது, உண்மைதான். ஆனால் ஆடாமல் தொங்கும் தொட்டில் கீழிருந்து மேலே போன பிறகும் தலைகீழாவதில்லை. அதன் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு, ஒரே திசையில் இடம் மாறியிருக்கின்றன. அது இடப்பெயர்வே. வந்த வழி வளைந்ததா நேரா என்பது கணக்கில் சேராது. தொடக்க இடமும் முடிந்த இடமும் போதும்.

அட்டையில் வெட்டிய உருவத்தைக் கையால் தள்ளினால் லேசாகத் திரும்பிவிடும். அதன் ஒரு நேர் ஓரத்தை, அசையாமல் பிடித்த ஸ்கேலோடு ஒட்டித் தள்ளச் சொல்லுங்கள். இணைகோடு வரைய மூலைமட்டத்தைத் தள்ளுகிறோமே, அதே வேலைதான் இது.