சாவி திரும்பியதை ஸ்டீரியோ எப்படி அறிகிறது?

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றில், அதே கம்பெனி பிற்காலத்தில் வெளியிட்ட மாடலின் ஸ்டீரியோவைப் பொருத்த விரும்புபவர்கள் பலர். டேஷ்போர்டின் வடிவத்தோடும் விளக்கின் நிறத்தோடும் ஒட்டிப்போவதால், கடையில் வாங்கும் வேறு பிராண்டை விடக் கம்பெனி ஹெட் யூனிட்டே (டேஷ்போர்டில் பொருந்தும் ஸ்டீரியோ பெட்டி) அழகாக அமைகிறது. அளவும் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. ரேடியோவுக்கான திறப்பு 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது என்பது ‘டின்’ எனப்படும் நெடுநாளைய தர அளவு. உயரம் அதைப்போல் இரு மடங்கானால் அது ‘டபுள் டின்’. ஆனால் யூனிட்டைத் திறப்பில் தள்ளி, 12 வோல்ட்டைக் கொடுத்த பிறகும் திரை இருண்டே கிடக்கலாம்; அல்லது ஒளிர்ந்த திரை, காரைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் அணையாமல் இருக்கலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கார் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அந்தப் பெட்டிக்குச் சொல்ல ஆளில்லை.

பழைய ரேடியோவுக்கு அந்தச் செய்தி ஒரு வயரில் வந்தது. அதன் பின்புறத்தில் 12 வோல்ட் வயர்கள் இரண்டு இருக்கும். ஒன்றில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். கடிகாரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அழியாமல் காப்பது அது. மற்றொன்றில் சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும். இரண்டாவது வயரில் வோல்ட் இருக்கிறதா இல்லையா என்பதே ரேடியோவுக்குத் தெரிந்த முழு உலகம். இவற்றை நிறத்தை வைத்து அடையாளம் காண்பது ஆபத்து. பரவலான வழக்கத்தில் மஞ்சள் நிரந்தர வயர், சிவப்பு சாவி வயர் என்றாலும், எல்லாக் கம்பெனிகளும் அந்த ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த்தில், அதாவது காரின் உலோக உடலில், வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு வயரையும் தொட்டு, சாவியைத் திருப்பும்போது எது மாறுகிறது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

பிற்காலத்து ஹெட் யூனிட்டில் சாவி வயருக்கான முள்ளே இல்லாமலிருப்பது சாதாரணம். அதன் இடத்தில், முறுக்கிய இரு மெல்லிய வயர்கள் வந்துவிட்டன. பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ‘கேன் பஸ்’ என்னும், காரின் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தகவல் தடம் இது. ஓய்வு நிலையில் இரு வயர்களிலும் ஏறக்குறைய 2.5 வோல்ட் நிற்கும். ஒரு கருவி பேசத் தொடங்கினால் ஒரு வயர் 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். கேட்கும் கருவிகள் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் மின் இரைச்சல், முறுக்கிய இரு வயர்களையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தாக்கும் என்பதால், வித்தியாசம் கெடாமல் தப்பிவிடுகிறது. மிக எளிமையான இந்த ஏற்பாட்டின் அழகு, ஒரு முறை புரிந்துவிட்டால் மறக்காது.

அந்தத் தடத்தில் முகவரி கிடையாது. ஒவ்வொரு செய்தியும் ஓர் அடையாள எண்ணையும், அதிகபட்சம் எட்டு பைட் தகவலையும் சுமந்துகொண்டு எல்லோருக்கும் பொதுவாக ஒலிக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். ‘சாவி திரும்பியிருக்கிறது’, ‘வேகம் இவ்வளவு’, ‘ரிவர்ஸ் கியர் விழுந்தது’, ‘உள்விளக்கின் ஒளி இவ்வளவு’ ஆகிய செய்திகள் நொடிக்குப் பல முறை வந்துகொண்டே இருக்கும். அந்த அடையாள எண்களுக்குப் பொருள் தருவது ஒவ்வொரு கம்பெனியும் தானே வகுத்துக்கொண்ட அகராதி. எனவே இரண்டு வகைச் சிக்கல் எழுகிறது. கேன் தடமே இல்லாத காரில் யூனிட் ஆளில்லா வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறது; தடம் இருக்கும் காரில், அகராதி பழையதாகையால் பாதிப் பேச்சு புரியாமல் போகிறது.

இதற்குத் தீர்வாக விற்கப்படும் சிறு பெட்டியைக் ‘கேன் பாக்ஸ்’ என்கிறார்கள். உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப் உட்கார்ந்துகொண்டு, சாவி வயரின் 12 வோல்ட்டைப் பார்த்ததும் புதிய யூனிட் எதிர்பார்க்கும் செய்தியைத் தயாரித்து அனுப்புகிறது. ஸ்டீயரிங் பட்டன்களுக்கும் அதே பெட்டி துபாஷியாக இருக்கும். பழைய கார்கள் பலவற்றில் அந்தப் பட்டன்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு மின்தடையை எர்த்தோடு இணைப்பவை. உதாரணமாக, 5 வோல்ட்டிலிருந்து 1,000 ஓம் வழியாக மின்சாரம் வரும் வயரில் 250 ஓம் பட்டனை அழுத்தினால் 1 வோல்ட் நிற்கும். 1,000 ஓம் பட்டனை அழுத்தினால் 2.5 வோல்ட் நிற்கும். அந்த வோல்ட்டை அளந்து, ‘ஒலியைக் கூட்டு’ என்றோ ‘அடுத்த பாட்டு’ என்றோ கேன் மொழியில் சொல்வது சிப்பின் வேலை.

ஒலிக்கு வருவோம். பெட்டியின் மேல் ‘50 வாட் x 4’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு பழைய ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் இரு ஆம்பிளிஃபையர்கள் தள்ளி இழுக்கும் ‘பிரிட்ஜ்’ முறையில், அந்த 14.4 வோல்ட் முழுவதும் அலையின் உச்சமாகக் கிடைத்தாலும், சராசரிக் கணக்கில் அது 10.2 வோல்ட்தான்; 4 ஓம் ஸ்பீக்கரில் அது 26 வாட். இழப்புகள் போக, சிதைவின்றிக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டியே இருக்கும். அச்சிட்ட 50 வாட், அலையைச் சதுரமாக வெட்டி அளந்த கணக்கு.

அந்தப் பிரிட்ஜ் முறையில் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. ஸ்பீக்கரின் இரு முனைகளும் ஏறக்குறைய 7 வோல்ட்டில் மிதப்பவை. ஆகவே மைனஸ் முனையை எர்த்தில் தொட விடக்கூடாது. மிகப் பழைய கார்கள் பலவற்றில் எல்லா ஸ்பீக்கர்களின் மைனஸும் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அங்கே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாக இரு வயர் இழுக்காமல் புதிய யூனிட்டை இணைப்பது, ஆம்பிளிஃபையர் சிப்பைப் பலி கொடுப்பதாகும். ஸ்பீக்கரின் ஓம் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சில உயர்ரகக் கம்பெனி ஸ்பீக்கர்கள் 2 ஓம் கொண்டவை, 4 ஓமுக்காக அமைந்த சிப்பிலிருந்து இரு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பவை.

ஏரியலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரையில் இருக்கும் குட்டை ஏரியலுக்குள் பெரும்பாலும் ஒரு சிறு ஆம்பிளிஃபையர் உண்டு. அதற்கான 12 வோல்ட்டைப் பல புதிய யூனிட்டுகள் ஏரியல் கேபிளின் நடுக்கம்பி வழியாகவே அனுப்புகின்றன. பழைய காரில் அது தனி வயரில் வந்திருந்தால், பழைய ரேடியோவோடு அதுவும் போய்விடும். ஸ்டேஷன்கள் மங்கி இரையும். அந்த வயருக்கு மீண்டும் 12 வோல்ட் கொடுத்தால் தெளிவு திரும்பிவிடும். இன்னொரு தடை திருட்டுத் தடுப்பு. வேறொரு காரிலிருந்து கழற்றிய யூனிட், தான் பிறந்த காரின் 17 எழுத்து அடையாள எண்ணைத் தேடிக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளலாம். அந்தப் பூட்டைத் திறக்கும் குறியீடு கையில் இல்லாமல் பழைய யூனிட்டை வாங்குவது விவேகமன்று.

எல்லாம் பாடத் தொடங்கிய பிறகும் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. என் கருத்தில் முதன்மையானதும் அதுவே. காரைப் பூட்டியதும் கேன் தடத்திலுள்ள கருவிகள் ஒன்றையொன்று கேட்டு, பேச்சு அடங்கிய பின் உறங்கப் போகின்றன. அகராதி ஒத்துப்போகாத யூனிட் பேசுவதை நிறுத்தாவிட்டால், மற்றவையும் விழித்தே கிடக்கும். 500 மில்லியாம்பியர் கசிந்தால், 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தே நாளில் முற்றிலும் காலியாகும். ஸ்டார்ட்டரைச் சுழற்றும் வலுவை அதற்கு முன்பே இழந்துவிடும். கசிவு 50 மில்லியாம்பியர் என்றால் அதே பேட்டரிக்கு ஐம்பது நாள் கணக்கு வரும். அளப்பதற்கு ஃப்யூஸைப் பிடுங்க வேண்டியதில்லை. பிடுங்கி மீண்டும் செருகினால் உறங்கிய கருவிகள் விழித்துக்கொள்ளும். ஃப்யூஸின் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தால், மின்னோட்டம் இருக்கும் ஃப்யூஸ் தன் சிறு தடையால் ஒரு வோல்ட் துளியைக் காட்டிக்கொடுக்கும். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து வைத்து, எல்லாக் கதவுகளையும் பூட்டியதாகக் காருக்குத் தோன்றச் செய்து, அரை மணி நேரம் காத்திருந்து, ஸ்டீரியோவின் ஃப்யூஸில் எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்பதைக் கண்ட பிறகே டேஷ்போர்டின் முகப்பை அழுத்தி மூட வேண்டும்.