திருவலை கீறிய விரலும் புதுக் குழாய்களும்

கொழும்பில் மழை விட்டு நுளம்பு பெருகினால் போதும், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எத்தனை?" பள்ளிப் புத்தகத்தில் குருதிச் சிறுதட்டு என்று படித்ததை நம் வாயில் பிளேட்லெட் ஆக்கியது டெங்கு. ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும். கருவே இல்லாத துணுக்கு, ஆயுள் 7 முதல் 10 நாள். இரத்தத்தை உறைய வைப்பதோடு அதன் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதிக் கதை.

தேங்காய் திருவும்போது திருவலை விரலைக் கீறிவிட்டது என்று வையுங்கள். சிறுதட்டுகள் வந்து ஒட்டி அடைப்புப் போடுகின்றன. கூடவே, தமக்குள் இருக்கும் ஆல்ஃபா மணிகளையும் அவிழ்த்துக் கொட்டுகின்றன. ஒரு சிறுதட்டில் இந்த மணிகள் 50 முதல் 80 வரை. உள்ளே இருப்பவை வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்கள்.

இது வெளிச்சத்துக்கு வந்த விதம் அழகானது. 1974இல் அமெரிக்காவில் ரசல் ராஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் நாடிச் சுவரின் தசைக் கலங்களைத் தட்டில் வளர்த்தார்கள். உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரான சீரத்தை ஊற்றினால் கலங்கள் பெருகின. சிறுதட்டுகளை நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தை ஊற்றினால் ஏறக்குறைய சும்மா கிடந்தன. அதிலேயே சிறுதட்டுகளைச் சேர்த்ததும் மறுபடி பெருகின. அப்படிப் பிடிபட்ட வளர்ச்சிக் காரணிதான் பிடிஜிஎஃப் (PDGF).

காயம் ஆறப் புது இரத்தக் குழாய்களும் வேண்டும். சரி, புதுக் குழாய் எப்படி முளைக்கிறது? காயத்தில் ஒட்சிசன் குறைவு. அங்கே சேரும் வெஜ்எஃப் (VEGF) என்ற வளர்ச்சிக் காரணி, பக்கத்துக் குழாயின் உட்படைக் கலம் ஒன்றை முன்னே நகரத் தூண்டுகிறது. மற்றவை அதன் பின்னால் பெருகிக் குழலாகின்றன. ஆனால் வெறும் குழல் கசியும். வெளியே சுற்றிப் பிடிக்கும் கலங்கள் வேண்டும், அவற்றை அழைப்பது பிடிஜிஎஃப். இந்தக் கட்டத்தில் அதைப் பெரும்பாலும் சுரப்பது முளைவிடும் குழாயே. காயத்தில் முதல் தவணையைப் போட்டது சிறுதட்டு. பிடிஜிஎஃப்-இன் ஒரு வகையான பிடிஜிஎஃப்-பியின் மரபணு இல்லாத எலிக்குஞ்சுகள் நுண்குழாய்கள் வெடித்துக் கசிந்து பிறக்கும் தறுவாயிலேயே இறந்துவிடுகின்றன.

எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறொன்று. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் எண்டோஸ்டாட்டின் என்ற புரதமும் அதே சிறுதட்டுக்குள்தான் இருக்கிறது. இரத்தத்தை உறைய வைக்கும் நொதியான திரொம்பின், சிறுதட்டின் மேலுள்ள எந்த உணரியைத் தட்டுகிறது என்பதைப் பொறுத்து வளர்ப்பதோ தடுப்பதோ முந்தி வெளிவருவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். முடுக்கியும் பிரேக்கும் ஒரே பையில்! ஆகவே சிறுதட்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினால் எல்லாம் முளைத்துவிடும் என்ற விளம்பரங்களை நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன். தனியே பிரித்த பிடிஜிஎஃப் களிம்பு வேறு விஷயம். நீரிழிவுக்காரரின் ஆறாத கால் புண்ணுக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அது.

திருவலை கீறிய விரலுக்கு அதெல்லாம் தேவையில்லை. புண் ஆறியபின், மேலதிகமாக முளைத்த குழாய்கள் மெல்ல அழியும். சிவந்திருந்த தழும்பு வெளிறுவது அதனால்தான்.